மரத்தளமும் தச்சனும்

நம் ஊர் வீட்டின் திண்ணையும் விறாந்தையும் தெருவைப் பார்த்திருப்பவை. வழிப்போக்கன் களைப்பாறுவதற்கும் அயலவர் கூடிப் பேசுவதற்கும் இடந்தருபவை. (யார் அதில் அமரலாம், யார் முற்றத்திலேயே நிற்கவேண்டும் என்ற சாதிக் கணக்கும் அங்கேதான் இருந்தது என்பது வேறு கதை.) ஐக்கிய அமெரிக்காவின் புறநகர் வீடுகளில் 'டெக்' என வழங்கும் மரத்தளம் இதற்கு நேர்மாறானது. அது வீட்டின் பின்புறத்தில், தெருவுக்கு முதுகு காட்டி நிற்பது. நிலத்தினின்றும் சில அடி உயரத்தில் மரத்தூண்களை நிறுத்தி, அவற்றின்மீது வளைகளைக் கிடத்தி, வளைகளின்மேல் பலகைகளைச் சிறு இடைவெளி விட்டுப் பாவி, சுற்றிலும் கைபிடிக் கிராதி அமைத்து, ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரோடு பிணைத்துவிட்டால் மரத்தளம் ஆயிற்று. விடுமுறை நாளில் குடும்பத்தினரும் நண்பரும் அங்கே கூடி உண்டு களிப்பர். மூடியைக் குறித்த பழைய டச்சுச் சொல்லே ஆங்கிலத்தில் கப்பலின் மேற்றட்டுக்கும் பின்னர் இந்த மேடைக்கும் பெயராயிற்று. கப்பலின் மேற்றட்டைக் கழுவித் தேய்த்துக் காத்தவர்கள் மாலுமிகள். காற்று வாங்கி உலாவியவர்கள் வேறு ஆட்கள். வீட்டின் மேற்றட்டிலும் ஏறக்குறைய அதே பிரிவினைதான் நிலவிவருகின்றது.

ஓய்வின் சின்னமாகப் போற்றப்படும் இந்த மேடைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைக் கட்டியவர் யார், அது உக்கிப்போகாமல் காத்தவர் யார், அவர்களுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்ற வினாக்களை எழுப்பும்போதுதான் அவ்வரலாறு புலப்படுகின்றது. வீட்டழகு பற்றிய சஞ்சிகைகளின் வண்ணப் படங்களில் அவ்வினாக்களுக்கு இடமில்லை.

மரத்தளம் பரவுவதற்கு முன்னர் அமெரிக்க வீட்டுக்கு முகப்பு விறாந்தை இருந்தது. 'விறாந்தை' என்னும் சொல்லே இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பதை இங்கு நினைவு கூரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சிற்றூர்களில் மாலை வேளையில் மக்கள் அங்கமர்ந்து தெருவோடு உரையாடினர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் தெரு மோட்டார் வண்டிகளின் உடைமையாயிற்று. தொலைக்காட்சியும் குளிரூட்டும் இயந்திரமும் குடும்பத்தை வீட்டுக்குள் இழுத்தன. எஞ்சிய வெளிப்புற ஓய்வு பின்வளவுக்குப் பெயர்ந்தது. இந்தப் பெயர்ச்சி வெறும் ரசனை மாற்றமன்று. 1947இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் வில்லியம் லெவிற் தொடங்கிய லெவிற்றவுண் குடியிருப்பில் 17,000க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. வெள்ளை இனத்தவரல்லாதார் அங்கே குடியிருக்கலாகாது என வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இனத்தடை ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக்கொடுக்க முடியாதென 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் அங்கு நடைமுறை மாறவில்லை. அயலவரைத் தெரிந்தெடுத்துவிட்ட வர்க்கத்துக்குத் தெருவைப் பார்த்திருக்கும் விறாந்தை எதற்கு?

லெவிற்றின் வீடுகள் கொங்கிறீற்றுத் தரைமீது நின்றவை. அவற்றுக்கு மரத்தளம் இருக்கவில்லை. ஆயினும் பின்னாளில் மரத்தளத்தைச் செப்பனிடவந்த தொழிலாளியின் நிலையை விளங்கிக்கொள்வதற்கு லெவிற்றை ஒதுக்கிவிட முடியாது. அவர் வீடு கட்டும் தொழிலை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு சிறு வேலைகளாகக் கூறுபோட்டார். ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையைச் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. தொழிற்சங்கம் உள்ளே வர அனுமதிக்கப்படவில்லை. தூணை நிறுத்துவது முதல் கதவைப் பூட்டுவது வரை அறிந்திருந்த தச்சன், ஒரே ஆணியை ஆயிரம் தடவை அறைபவனாக மாற்றப்பட்டான்.

அந்தத் தச்சன் எளிதில் வளைந்துகொடுத்தவன் அல்லன். 1881இல் சிக்காகோ நகரில் 11 நகரங்களிலிருந்து வந்த 36 பிரதிநிதிகள் கூடித் தச்சர்களின் தேசிய சகோதரத்துவ சங்கத்தை அமைத்தனர். அதன் செயலாளர் பீற்றர் மக்குவயர் சோஷலிசக் கருத்துக்களில் ஊறியவர். 1886 மே மாதத்து எட்டுமணி நேரப் போராட்டமும் அதே சிக்காகோவில் தொழிலாளர் சிந்திய இரத்தமும் நம் வாசகர் அறிந்தவை. 1890 மே தினத்தில் எட்டுமணி நேரக் கோரிக்கையை முன்னின்று நடத்தும் பொறுப்பை அமெரிக்கத் தொழிற்சங்க சம்மேளனம் தச்சர்களிடமே ஒப்படைத்தது. பல நகரங்களில் அவர்கள் வென்றனர். இச்சங்கத்துக்கும் களங்கம் உண்டு. கறுப்பினத் தச்சர்களைத் தனிக் கிளைகளில் ஒதுக்கிவைத்த வழக்கம் அதில் நெடுங்காலம் நிலவிற்று. ஒற்றுமையின் பெயரால் எழுந்த ஸ்தாபனம் தன் கூரைக்குக் கீழேயே சுவர் எழுப்பியது. 1969இல் பெருமுதலாளிகள் கட்டிடத் தொழிற்சங்கங்களின் பலத்தை முறிப்பதற்கென்றே ஒரு வட்டமேசையைக் கூட்டியபோது, வீட்டுக் கட்டுமானத் துறையில் சங்கம் ஏற்கெனவே ஆட்டங்கண்டிருந்தது.

மரத்தளத்தின் தாயகம் மேற்குக் கரை. 1948இல் கலிபோர்னியாவின் சொனோமாப் பகுதியில் தோட்டக்கலைஞர் தோமஸ் சேர்ச் அமைத்த டொனல் தோட்டத்தில், வளர்ந்து நின்ற ஓக் மரங்களை வெட்டாமல் அவற்றுக்குத் துளை விட்டு மரத்தளம் பாவப்பட்டது. அதன் படம் உலகெங்கும் பரவிற்று. மரத்தை மதித்த கலைஞன் என அவரைப் பாராட்டினர், பாராட்டு நியாயமானதே. ஆனால் அக்காலத்து மேற்குக் கரை மரத்தளங்களுக்கு விரும்பித் தேடப்பட்ட பலகை செம்மரம் எனப் பொருள்படும் 'றெட்வூட்'. கலிபோர்னியாவின் கடற்கரையோரத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் ஓங்கி நின்ற அந்தப் பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஐந்து வீதமளவே. ஆயிரமாண்டு வாழ்ந்த மரத்தின் வைரம் மழைக்கும் பூஞ்சணத்துக்கும் எளிதில் இடங்கொடாது. அதனாலேயே அது வெட்டப்பட்டது.

அதை வெட்டியும் அறுத்தும் வாழ்ந்தவர்களின் கதையையும் சொல்லவேண்டும். 1935இல் மேற்குக் கரையின் மரத் தொழிலாளர் கூலி உயர்வுக்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டு யூன் 21ஆம் திகதி யுறேக்கா நகரிலுள்ள ஹோம்ஸ்-யுறேக்கா ஆலையின் வாயிலில் மறியல் செய்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டனர், மூவர் மாண்டனர். செம்மரப் பலகையின் நிறத்தைப் புகழ்ந்து எழுதிய விளம்பரங்களில் இச்செய்தி இடம்பெறவில்லை.

பழங்காடு குறுகியதும் சந்தைக்கு வந்தது இளமரம். அதில் வைரம் குறைவு, வெளிறு அதிகம். வெளிறு விரைவில் உளுத்துப்போகும். தெற்கு மாநிலங்களில் மலிவாக விளையும் பைன் மரமும் மழையில் எளிதில் உக்கக்கூடியது. மழையில் கிடக்கும் மேடைக்கு இத்தகைய மரத்தைப் பயன்படுத்த விஞ்ஞானத்தின் துணை வேண்டியிருந்தது. அத்துணை வந்த இடம் நம் வாசகருக்கு வியப்பூட்டும். இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய காமேசன் என்னும் விஞ்ஞானி 1933இல் ஒரு கரைசலைக் கண்டுபிடித்தார். செம்பு, குரோமியம், நம்மவர் பாஷாணம் என அறிந்த ஆசனிக்கு ஆகிய மூன்றின் சேர்க்கை அது. செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆசனிக்கு பூச்சியைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரநாரோடு பிணைத்து, மழைநீரிற் கரைந்துபோகாமல் நிறுத்தும். மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சியெடுத்த பின் கரைசலை அமுக்கத்தோடு செலுத்தினால் அது மரத்தின் உள்ளே ஊறிவிடும். கறையான் மரத்தைத் தின்று தீர்க்கும் நாடொன்றில் இந்த ஆராய்ச்சி பிறந்தது இயல்பே. அதன் பெருஞ்சந்தை அமைந்ததோ அமெரிக்கப் பின்வளவில். 1970களுக்குப் பின் அங்கே எழுந்த மரத்தளங்களிற் பெரும்பாலானவை பச்சை சாயும் இந்த மரத்தாலேயே ஆனவை.

நஞ்சு உள்ளே ஊறியிருந்தது என்பதைச் சமூகம் நிதானமாகவே உணர்ந்தது. குழந்தைகளின் கைகளில் ஒட்டி வாய்க்குள் போகும் என்ற அச்சம் பரவிய பின்னர், 2002இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் உற்பத்தியாளருக்கும் இணக்கம் ஏற்பட்டது. 2003 டிசம்பர் 31க்குப் பின் பெரும்பாலான வீட்டுப் பாவனைக்கு இம்மரம் தயாரிக்கப்படவில்லை. குழந்தைகளைப் பற்றிய கவலை நேரியதே. ஆனால் அதே பலகையை நாள் முழுதும் வாளால் அறுத்து, அதன் தூளை மூச்சோடு உள்ளிழுத்த தச்சனைப் பற்றி அதே அளவு பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே கட்டிய தளங்களை அகற்றவேண்டும் என்ற கட்டளையும் பிறக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊடுருவும் எண்ணெய்ப் பூச்சு பூசுக, தேய்க்காதீர், துண்டுகளை எரிக்காதீர் என்பதே அறிவுரை. அறிவுரை வீட்டுக்காரனுக்கு எழுதப்பட்டது; பூச்சு பூசியவன் பெரும்பாலும் கூலிக்கு வந்தவன். புதிய மரத்துக்கும் புதிய சிக்கல் உண்டு. ஆசனிக்கை நீக்கிச் செம்பின் அளவைக் கூட்டியதால் சாதாரண ஆணிகள் விரைவில் அரித்துப்போயின. தடித்த நாகமுலாம் பூசிய ஆணியோ கறையில் உருக்கோ வேண்டும். கடையில் மலிவான ஆணியை வாங்கி அறைந்தவனுக்கு இது தெரியாது. தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும்.

பேணல் என்பது உண்மையில் என்ன? பலகைகளின் இடைவெளியில் அடையும் சருகைக் கிளறி எடுத்து நீர் வடியச் செய்வது, பாசியைக் கழுவுவது, எழும்பிய ஆணியைக் கழற்றித் திருகாணி பூட்டுவது, வெயிலும் மழையும் கரைத்த பூச்சைப் புதுக்குவது, கிராதியை அசைத்துப் பார்ப்பது: இவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். உயிரைக் காக்கும் வேலை தளத்தின் அடியில் இருக்கிறது. வீட்டுச் சுவரோடு தளத்தைப் பிணைக்கும் வளையில்தான் பாரத்தின் பாதி தொங்குகின்றது. சுவருக்கும் வளைக்கும் இடையே உலோகத் தகட்டை மடித்து வைத்தால் மழைநீர் வெளியே வழியும். வைக்காவிடில் நீர் உள்ளே இறங்கி, மேலே பலகை புதுப்பூச்சோடு மின்னிக்கொண்டிருக்கக் கீழே வளை உக்கிவிடும். அந்த வளையைத் தடித்த மரையாணிகளாற் பூட்டவேண்டும். வெறும் ஆணி அறைந்திருந்தால், அது வெளிநோக்கிய இழுவையைத் தாங்காது ஒருநாள் கழன்றுவரும். தளங்கள் இடிந்து விழுவதற்கு முதற் காரணமாகப் பொறியியலாளர் காட்டுவது இந்தப் பிணைப்பைத்தான். அனுபவமுள்ள தச்சன் தளத்துக்குக் கீழே ஊர்ந்துபோய், குத்தூசியால் வளையைக் குத்திப் பார்ப்பான். ஊசி எதிர்ப்பின்றி இறங்கினால் மரம் செத்துவிட்டது.

இந்த அறிவு ஊருக்கு ஊர் வேறுபடுவது. கடற்பனி சூழும் வட கலிபோர்னியாவில் மரம் உலர்வதே அரிது. சிக்காகோவிலோ பனிக்கட்டி உறைந்தும் உருகியும் தூணின் அடித்தளத்தை நிலத்தினின்றும் மேலே தள்ளும். அடித்தளம் உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கவேண்டும். உள்ளூரில் தொழில் கற்றவனை அழைக்கவேண்டும் என்பதன் பொருள் இதுவே. நாளைக்கும் அவன் அதே தெருவில் நடமாடவேண்டியவன் என்ற கணக்கும் அதிலுண்டு.

சிக்காகோவின் பின்புற மரத்தளத்துக்கு இன்னொரு பூர்வீகம் இருக்கிறது. அந்நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது வேலைக்காரரின் வழி. பால், நிலக்கரி, பனிக்கட்டி சுமந்து வந்தவர்கள் பின்புற மரப்படிக்கட்டிலேயே ஏறினர். பெண்கள் அங்கே துணி உலர்த்தினர். நெருப்புப் பற்றினால் தப்பும் வழியும் அதுவே. பனிக்கட்டிக்காரன் மறைந்த பின்னர் உழைப்பின் வழி உல்லாசத்தின் இடமாயிற்று. ஏறியிறங்குவதற்கென அமைந்த இடத்தில் கூட்டம் கூடி நின்றது. 2003 யூன் 29ஆம் திகதி லிங்கன் பார்க் பகுதியில் நடந்த விருந்தொன்றின்போது மூன்றாம் மாடித் தளம் இடிந்து, கீழ்த் தளங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. 13 பேர் மாண்டனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பெரும்பாலோர் இருபது வயதுகளில் இருந்தவர்கள். 1998இல் அனுமதி பெறாமலேயே அந்தத் தளம் கட்டப்பட்டது என நகராட்சி பின்னர் கூறிற்று. ஐந்தாண்டு காலம் அது எல்லோர் கண்ணெதிரிலும் நின்றிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் இதே கதை வேறு உருவில் நடந்தது. 2015 யூன் 16ஆம் திகதி மாணவர் சிலர் பிறந்தநாள் கொண்டாடிய வேளையில், மேல்மாடி மரத்தளம் சுவரோடு முறிந்து தொங்கிற்று. ஆறு பேர் இறந்தனர், எழுவர் படுகாயமுற்றனர். இறந்தோரில் ஐவர் கோடை விடுமுறையில் வேலை செய்து பணம் சேர்க்க வந்திருந்த அயர்லாந்து மாணவர். கட்டிடத்துக்குப் பத்தாண்டு வயதுகூட நிறையவில்லை; உள்ளேயிருந்த வளைகள் நீர் புகுந்து உக்கிப்போயிருந்தன. அதனைக் கட்டிய நிறுவனம் வேறு கட்டிடங்களின் குறைபாடுகளுக்காகக் கோடிக்கணக்கான டொலர் கொடுத்து வழக்குகளை முடித்திருந்தது. அச்செய்தியை அனுமதிப்பத்திரம் வழங்கும் சபைக்கு அறிவிக்கவேண்டும் என அன்றைய சட்டம் கோரவில்லை. 2016இல் குற்றவியல் வழக்குத் தொடர்வதில்லை என அரச வழக்குரைஞர் முடிவு செய்தார்.

ஆறு உடல்கள் அடக்கமான பின்னரே சட்டம் அசைந்தது. 2018இல் நிறைவேறிய சட்டப்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடித்தனங்கள் உள்ள கட்டிடங்களில், நிலத்திலிருந்து ஆறடிக்கு மேல் மரத்தால் தாங்கப்பட்ட தளங்களை ஆறாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும். முதற் பரிசோதனைக்கான கெடு 2025 ஜனவரி முதலாந் திகதியாக இருந்தது. கட்டிடச் சொந்தக்காரருக்காக அது மேலும் ஓராண்டு நீட்டப்பட்டது. தனி வீட்டின் பின்புற மரத்தளம் இச்சட்டத்துள் அடங்காது. அங்கே பரிசோதகன் என்று ஒருவன் இருந்தால், அவன் வீட்டுக்காரன் கூலிக்கு அழைத்த ஆளே.

ஆகவே அழைக்கப்படுபவன் யார் என்ற வினாவை மறுபடியும் எழுப்பவேண்டியுள்ளது. கலிபோர்னியாவில் கொந்தராத்துக்காரருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை 1929இல் அமைந்தது. நான்காண்டுத் தொழில் அனுபவமும் பரீட்சையும் அதற்கு வேண்டும். முற்பணமாகப் பத்து வீதத்துக்கு மேலோ ஆயிரம் டொலருக்கு மேலோ, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல், வீட்டுக்காரனிடம் கேட்கலாகாது. அனுமதிப்பத்திரமின்றி ஐந்நூறு டொலருக்குட்பட்ட சில்லறை வேலையைச் செய்யலாம் என்ற எல்லை 2025இல் ஆயிரம் டொலராயிற்று. இவை நல்ல விதிகள். ஏமாற்றுக்காரரிடமிருந்து பலரைக் காத்தவை. அதே விதியின் மறுமுனை கூர்மையானது. அனுமதிப்பத்திரமின்றிப் பெரிய வேலையை ஏற்றவன் எவ்வளவு திறமையாக அதை முடித்திருந்தாலும் கூலி கேட்டு நீதிமன்றம் ஏறமுடியாது. கைத்திறன் இருந்தும் எழுத்தறிவோ ஆங்கிலமோ பணமோ இல்லாதவன் இன்னொருவனின் அனுமதிப்பத்திரத்தின் கீழ் ஒளிந்து வேலை செய்கிறான். விலைப்பட்டியலில் ஒருவரின் பெயர். தளத்தின் அடியில் ஊர்பவன் மற்றொருவன்.

அந்த மற்றொருவனை அதிகாலையில் மரக்கடை வாசல்களிற் காணலாம். மூன்று பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு 2006இல் வெளிவந்தது. எந்த ஒரு நாளிலும் ஏறத்தாழ 1,17,600 பேர் இவ்வாறு தெருவோரத்தில் நாட்கூலி தேடினர். மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்தோரே அவர்களிற் பெரும்பான்மையினர். நால்வரில் மூவரிடம் குடியிருப்பு உரிமைப் பத்திரம் இல்லை. அவர்களை வேலைக்கு அழைத்தோரிற் பெரும் பகுதியினர் பெரிய கொம்பனிகள் அல்ல, சாதாரண வீட்டுக்காரரே. வினாவப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, முந்திய இரு மாதங்களுள் ஒரு தடவையாவது செய்த வேலைக்குக் கூலி மறுக்கப்பட்டிருந்தது. ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் வேலைக்களத்திற் காயமுற்றிருந்தார். அவர்களுக்கு யாரும் கையுறையோ முகமூடியோ கொடுத்துப் பலகையைத் தேய்க்கச் சொல்லியிருப்பர் என நம்புவதற்கு இந்த எண்கள் இடந்தரவில்லை.

இத்தனைக்கும் கலிபோர்னியாவின் 1879ஆம் ஆண்டு அரசியல் யாப்பில் ஓர் அரிய உரிமை பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டிடத்தில் உழைத்த எந்தத் தொழிலாளிக்கும், பொருள் வழங்கியவனுக்கும், தனக்குச் சேரவேண்டிய பெறுமதிக்காக அந்தச் சொத்தின் மீதே பிணை உரிமை உண்டு. வீட்டுக்காரன் கொந்தராத்துக்காரனுக்கு முழுப்பணமும் கொடுத்துவிட்டாலும், அவன் தொழிலாளிக்குக் கொடாதுவிட்டால் வீட்டின் மீது உரிமைப்பதிவு விழலாம். உழைப்புச் சேர்ந்த பொருளில் உழைத்தவனுக்குப் பங்குண்டு என்பதை ஒரு முதலாளித்துவ நாட்டின் யாப்பே ஒப்புக்கொண்ட அபூர்வம் இது. அதே யாப்பின் மற்றொரு பிரிவு, கொம்பனிகள் சீனர்களை வேலைக்கமர்த்தலாகாது எனத் தடைவிதித்தது. வெள்ளைத் தொழிலாளியின் வாக்கைப் பெறுவதற்கு இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதினர். சீனரைப் பற்றிய பிரிவு பிற்காலத்தில் நீக்கப்பட்டது. பிணை உரிமை இன்றும் இருக்கிறது. ஆனால் குறித்த கெடுவுக்குள் பதிவு செய்து வழக்காடவேண்டிய அவ்வுரிமை, பத்திரமில்லாதவனுக்கு எட்டாக்கனி. பெயரைப் பதிவு செய்வதற்கே அவன் அஞ்சுகிறான்.

அஞ்சியும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2001இல் கலிபோர்னியாவில் நாட்கூலித் தொழிலாளரின் தேசிய வலையமைப்பு உருவாயிற்று. பல நகரங்களில் தொழிலாளர் நிலையங்கள் எழுந்தன. அங்கே வேலைக்கு ஆள் அழைக்க வருபவரின் விபரமும் பேசிய கூலியும் எழுதிவைக்கப்படும். குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளரே கூடி நிர்ணயிப்பர். றெடொண்டோ பீச் நகராட்சி தெருவோரத்தில் வேலை கேட்பதையே குற்றமாக்கியிருந்தபோது தொழிலாளர் குழு வழக்காடிற்று. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையைப் பேச்சுரிமைக்கு முரணானதென நீக்கியது. 2025 யூன் மாதத்தில் குடிவரவு அதிகாரிகள் லொஸ் ஏஞ்சல்சில் மரக்கடை வாசல்களைச் சுற்றிவளைத்து, வேலை தேடி நின்றவர்களைப் பிடித்துச் சென்றனர். அதன் பின்னர் பல வாசல்களில் தொண்டர்கள் அதிகாலையில் வந்து காவல் நின்றனர். தொழிலாளரும் சுத்தியலோடும் குத்தூசியோடும் மீண்டும் அங்கே வந்து நின்றனர்.